மோச்சா சாப்பிட்டுச்சா?

உட்காருங்கள் சார், டாக்டர் கூப்பிட நேரமாகும். பயப்படாதீர்கள். பெட்டி மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. நாலு பக்கமும் கிளிப், அதற்கு மேல் நைலான் கயிறு வேறு கட்டியிருக்கிறேன். உங்கள் கூடையில் என்ன, பூனையா? அதை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுங்கள். கடித்துவிடும் என்று சொல்லவில்லை. இது யாரையும் கடிக்காது. எதையும் கடிக்காது. ஏழு மாதமாக எங்கள் வீட்டில் அதுதான் பிரச்சினையே.

ஆமாம், பாம்புதான். ஆப்பிரிக்க மலைப்பாம்பு, நாலு அடி. நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். வெளிநாட்டுப் பாம்பு என்றால் பதிவு செய்து வளர்க்கலாமாம். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, முதல் வேலையாக அதைத்தான் வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன் சார் நான். தாண்டவமூர்த்தி. கோயம்புத்தூரில் இன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் முன்னால் எட்டு போட்டவர்கள். நீங்களும் போட்டிருக்கலாம். முகம் நினைவில்லை, எனக்குக் கால்தான் நினைவிருக்கும். கால் தரையில் பட்டால் ஃபெயில். கெஞ்சினாலும் ஃபெயில்.

இதன் பெயர் மோச்சா. ஏதோ காப்பியின் பெயராம். என் பையன் நவநீதன் வைத்தது. ஒரே பையன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது வாங்கினான். அவனோடு படித்தவர்களில் ஒருவன் வீடு கட்டினான், ஒருவன் கல்யாணம் செய்தான். இவன் பாம்பு வாங்கினான். போன ஆனி மாதம் ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. பாம்புக்கு விசா கிடைக்கவில்லை. கொண்டுவந்து எங்கள் வீட்டில் அவனுடைய பழைய அறையில் கண்ணாடிப் பெட்டியோடு வைத்துவிட்டு, “கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்க” என்று விமானம் ஏறிவிட்டான். எவ்வளவு நாள் கொஞ்ச நாள்? கேட்டேன். ருக்குமணி, அதாவது என் வீட்டுக்காரி, “போற பையன்கிட்ட ஏனுங்க குறுக்குக் கேள்வி” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

போகும்போது ஒரு காகிதம் அடித்துக் கொடுத்தான். பன்னிரண்டு விதிகள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பெட்டியில் ஒரு மூலை சூடாக இருக்க வேண்டும், இன்னொரு மூலை குளிர்ச்சியாக. ஒளிந்துகொள்ள இரண்டு சட்டி. செத்து உறைந்த எலியை வாங்கி, வெந்நீரில் போட்டு, உயிரோடு இருக்கிற எலி மாதிரி சூடாக்கி, நீள இடுக்கியால் நீட்ட வேண்டும். எலியை வைத்ததும் அறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், பார்த்துக்கொண்டே நின்றால் சாப்பிடாதாம். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது, தூக்கினால் கக்கிவிடுமாம். அது ஆறாவது விதி. சாப்பிட்டால்தானே சார் ஆறாவது விதி! நாங்கள் ஏழு மாதமாக ஐந்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

வந்த வாரம் ஒன்று சாப்பிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சட்டிக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உக்கடத்தில் அந்தோணிராஜ் என்று ஒருவர், ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெள்ளை எலி வளர்த்துக் கொடுக்கிறவர். அவரிடம் போய் வரிசையில் நின்று வாங்கி வருகிறேன். “ஃபிரிட்ஜுல எலி வெச்சீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேனுங்க” என்று ருக்குமணி சொன்னதால், ஐஸ்கிரீம் கடைக்காரன் ஒருவன் விற்ற பழைய ஐஸ் பெட்டியை வாங்கி கார் ஷெட்டில் வைத்தேன். எலியின் தலையைச் சூடாக்க ஹேர் டிரையர் வாங்கினேன். என் தலையைப் பாருங்கள். இந்த வீட்டில் ஹேர் டிரையர்!

பார்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறானே, அதை நினைத்தால்தான் சிரிப்பு வரும். யாரிடம் சொல்கிறான்! பார்க்காமல் எப்படிச் சார் தெரியும்? எட்டு போடுகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பாஸ் போட முடியுமா? நான் பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டேன். கையில் டார்ச், மடியில் நோட்டு. எத்தனை மணிக்கு நாக்கை நீட்டியது, எத்தனை மணிக்குத் தலையைத் தூக்கியது, எல்லாம் எழுதினேன். தினமும் காலையில் எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தினேன். வந்தபோது ஆயிரத்து நானூற்று இருபது கிராம். மார்கழியில் ஆயிரத்து நூற்று முப்பது. வேறு யாராவது இப்படிக் கவனித்திருப்பார்களா? ஆனால் பாம்புக்கு நன்றி ஏது. என்னையே பார்க்கும். நானும் பார்ப்பேன். எலி நடுவில் ஆறிப்போகும்.

ஊரில் இருக்கிறவர்கள் சும்மா இருந்தார்களா? அடுத்த வீட்டுப் பாக்கியம் ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு ஒரு கிண்ணம் பாலோடு வந்து நிற்கிறாள்.

“ஏனுங்கண்ணா, பாலு வெச்சீங்களா?”

“பாம்பு பால் குடிக்காதும்மா.”

“பாலு குடிக்காத பாம்பு உண்டுங்களா? ஆப்பிரிக்கான்னா மட்டும் பாம்பு இல்லீங்களா?”

கண்ணாடிமேல் குங்குமம் வைக்கப் போனவளை நான்தான் வெளியே அனுப்பினேன். அன்றைக்கு ருக்குமணி என்னோடு பேசவில்லை. அந்த அறைப் பக்கமே வராதவள், பாம்பின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘அது’ என்கிறவள், செவ்வாய்க்கிழமை தோறும் புற்றுக்குப் போய் முட்டை வைத்துவிட்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால், “அது தின்னோணும், பையன் நிம்மதியா இருக்கோணும்” என்றாள். பாம்பு வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு என்று ஒன்றில் நவநீதன் என்னைச் சேர்த்துவிட்டான். அது இதைவிட மோசம். ஒருத்தன் எலியைக் கோழி சூப்பில் முக்கச் சொல்கிறான். ஒருத்தி பெட்டிக்குப் பக்கத்தில் வீணை இசை வைக்கச் சொல்கிறாள். இன்னொருவன் தன் பாம்பு பதினொரு மாதம் பட்டினி கிடந்ததைப் பெருமையாகப் படம் போடுகிறான், கீழே நூறு பேர் கை தட்டுகிறார்கள். இவர்கள் யாருக்கும் நான் லைசென்ஸ் கொடுத்திருக்க மாட்டேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் சார். பொறுக்க முடியாதது அந்தப் போன்தான்.

அவனும் நானும் பேசிக்கொள்கிற வழக்கமே கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. அவன் கூப்பிடுவான். நான் எடுத்தால், “எப்படி இருக்கீங்கப்பா?” “இருக்கேன்.” “அம்மா இருக்காங்களா?” கொடுத்துவிடுவேன். மூன்று வரி. பதிமூன்று வருடம் அப்படித்தான் ஓடியது, நன்றாகத்தான் ஓடியது. பதினெட்டு வயதில் அவனும் என் முன்னால் எட்டு போட்டான். ருக்குமணி, “வேற ஆபீசர் இருக்கற நாளா அனுப்புங்களேன்” என்றாள். எதற்கு? நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா பாஸ் போடப்போகிறேன் என்று என்னிடமே வரச் சொன்னேன். அவன் சிநேகிதர்கள் நாலைந்து பேர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். வீட்டுத் தெருவில் கையை விட்டு ஓட்டுகிறவன் சார், என்னைப் பார்த்துக்கொண்டே வந்து, இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டான். ஃபெயில் போட்டேன். பையன் என்பதற்காக விட முடியுமா? அப்புறம் அவன் மறுபடி வரவே இல்லை. இன்றைக்கு வரை லைசென்ஸ் கிடையாது. ஜெர்மனியில் டிராம் வண்டியில் போகிறானாம். அவ்வளவு ரோஷம், ஒரு எட்டுக்கு.

அப்படிப்பட்டவன், பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியதும் பிடித்துக்கொண்டான். தினமும். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் போன். அவனுக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். நேராக என் போனுக்கு. “அப்பா, மோச்சா சாப்பிட்டுச்சா?” இல்லை என்றால் விடுவானா? தலையைத் தூக்குச்சா, எலி எவ்வளவு சூடு, வெள்ளை எலியா பழுப்பா, சட்டி எந்தப் பக்கம் இருக்கு, படம் அனுப்புங்க, அந்தப் பக்கமிருந்து ஒண்ணு அனுப்புங்க. அரை மணி நேரம். சில நாள் முக்கால் மணி நேரம். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பேன். “பத்து இருபதுக்கு நாக்கு மூணு தரம்.” “மூணு தரமா? சூப்பர்ப்பா!” இதில் என்ன சூப்பர்?

ஒரு மனிதன் சாயங்காலம் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியவில்லை. வாக்கிங் போவதை விட்டேன். ஆறு மணிக்கு எங்கேயாவது போய்விட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்று ஐந்தே முக்காலுக்கே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வேறு வழி? பேச்சு பாம்போடு நின்றாலும் பரவாயில்லை. அங்கே பனி கொட்டுவதைச் சொல்வான். மேலதிகாரி ஒருத்தி இவன் பெயரைச் சொல்ல வராமல் படுகிற பாட்டைச் சொல்வான். ஒரு நாள், “நீங்க சாப்பிட்டீங்களாப்பா?” என்றான். நான் சாப்பிட்டதற்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரிக்கிறான் சார். பாம்பு அறையில் பட்டினி கிடக்கிறது, இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ருக்குமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரோட பேசறீங்க?” என்றாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் என் அக்கா பேரனுக்குக் கல்யாணம். தை மாதக் கடைசி முகூர்த்தம், போகாமல் முடியாது. ருக்குமணிக்கு முட்டிவலி, வரவில்லை. அன்றைக்கு எலி வைக்கிற நாள். ஒரு நாள் தள்ளி வைக்கலாம் என்றேன். அவன் ஜெர்மனியிலிருந்து, “அம்மா வெப்பாங்க, விடுங்க” என்கிறான். எந்த அம்மா? பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிற அம்மா.

திங்கட்கிழமை காலையில் நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ருக்குமணி வாசலில் நின்று சொல்கிறாள்.

“தின்னுடுச்சுங்க.”

“எது?”

“அது.”

நம்புவேனா? பெட்டியில் எலி இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குப்பைக் கூடையில் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பாம்பின் நடு வயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது.

“என்ன செஞ்ச? எத்தனை டிகிரி சூடு பண்ணின?”

“டிகிரியெல்லாம் தெரியாதுங்க. சாயங்காலம் வெந்நீர்ல போட்டு எடுத்தேன். கண்ண மூடிக்கிட்டு இடுக்கில புடிச்சு உள்ள போட்டேன். பயமா இருந்துச்சு, என் பழைய சேலையப் பெட்டிமேல போத்திட்டேன். கதவச் சாத்திட்டு வந்து டிவி பாத்தேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க.”

நாக்கு எத்தனை தரம் என்று கேட்டால் தெரியாது. எத்தனை மணிக்குப் பிடித்தது, தெரியாது. ஏழு மாதம் நான் ஒருவன் நோட்டுப் போட்டு உழைத்திருக்கிறேன், கடைசியில் பழுத்துத் தானாக விழுகிற நேரத்தில் இவள் மடியை விரித்திருக்கிறாள். அதைச் சொல்லிக் காட்டினேனா? இல்லை. பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. ருக்குமணியின் போனில். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவும் பையனும் நாற்பது நிமிஷம். “கண்ணு, கண்ண மூடிக்கிட்டுத்தான் போட்டேன்” என்று அதையே நாலு தரம் சொல்கிறாள், அவன் நாலு தரமும் சிரிக்கிறான். நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள்.

“எப்படி இருக்கீங்கப்பா?”

“இருக்கேன்.”

“ரொம்ப தேங்க்ஸ்ப்பா. இனி டென்ஷன் இல்ல. உங்களத் தினமும் தொந்தரவு பண்ணிட்டேன், இனிமே ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட கேட்டுக்கறேன்.”

வைத்துவிட்டான். நல்லதாகப் போயிற்று என்று பேப்பரைப் பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் அது காலையிலேயே படித்த பேப்பர்.

யோசித்துப் பாருங்கள் சார். ஏழு மாதம் பட்டினி கிடந்த உடம்பு. திடீரென்று ஒரு முழு எலி உள்ளே போயிருக்கிறது. ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று யார் பார்ப்பது? அவனுக்கு அக்கறை இல்லை, ஞாயிற்றுக்கிழமை கேட்டால் போதும். இவளுக்கு அக்கறை இல்லை, இன்று காலையில் எழுந்ததும் வேண்டுதல் பலித்துவிட்டது என்று புற்றுக்குப் போய்விட்டாள். ஒரு பொறுப்பு வேண்டாமா? அதனால்தான் அவள் வருவதற்குள் இந்தப் பெட்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எடை பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, டாக்டரே எழுதிக் கொடுக்கட்டும். வந்த ஆட்டோக்காரன் இருக்கிறானே, சாய்பாபா காலனியிலிருந்து இங்கே வருவதற்குள் ஒரு பள்ளத்தை விடவில்லை. பெட்டி என் மடியில் துள்ளுகிறது. இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று கேட்டேன். “நீங்கதானுங்க சார், ஞாபகம் இல்லீங்களா?” என்கிறான்.

என்ன தம்பி, ஏழாம் நம்பரா? நான்தான். பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன். சார், என் குடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

வந்துவிட்டேன். உங்களை இன்னும் கூப்பிடவில்லையா? இங்கே எல்லாம் அப்படித்தான். கொஞ்சம் நகருங்கள். வாடை வருகிறதா? வரும். கழுவிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் வரும்.

கக்கிவிட்டது சார்.

மூடியைத் திறந்ததுமே கம்பவுண்டர் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். எலி முழுசாக வெளியே கிடக்கிறது, பாதி கரைந்து. பாம்பு ஒரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. டாக்டரம்மா சின்னப் பெண். என் பையனைவிட நாலு வயது குறைவாகத்தான் இருக்கும். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள்.

“சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சுங்க?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.”

“ரெண்டு நாள்கூட ஆகல. அதுக்குள்ள ஏன் தூக்கிட்டு வந்தீங்க?”

“எடை பாக்க.”

“வீட்ல தராசு இல்லீங்களா?”

“இருக்குது.”

“தின்ன உடனே தூக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?”

யார் சொன்னார்கள்? ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனால் சொன்னதாகிவிடுமா? ஆட்டோக்காரனைப் பற்றிச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏதோ எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அடுத்தவரை வரச் சொல்கிறாள். அந்தத் தோரணை எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருடம் நான் செய்ததுதானே.

பதினைந்து நாள் எதுவும் வைக்கக் கூடாதாம், தண்ணீர் மட்டும். அதற்கப்புறம் சின்னக் குஞ்செலி ஒன்று. தினமும் கவனித்து எழுதி வைக்க வேண்டுமாம், வாய், மூச்சு, எல்லாம். நோட்டு என்னிடம் இருக்கிறது என்றேன். “இருக்கற உடம்புக்கு இன்னொரு தடவை கக்கினா தாங்காதுங்க, பாத்துக்கோங்க” என்றாள். தாங்காது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கும்போது பார்த்தேன், ஆளில்லாத சட்டை மாதிரி கிடக்கிறது.

பையனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லத்தான் வேண்டும். இப்போது மணி பதினொன்றரை. அவனுக்குக் காலை ஏழு, டிராமுக்கு ஓடுகிற நேரம். இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான், அவன் அம்மா கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான். இருந்தாலும் அடித்துப் பார்ப்போம். என் போனிலிருந்துதான் அடிக்கிறேன். இருங்கள்.

எடுத்துவிட்டான் சார்! ஒரே ரிங்.

ம், அப்பாதான். ஆமா, மோச்சா விஷயம்தான். பதறாத. கக்கிருச்சு. முழுசா. இல்லப்பா, உயிரோடதான் இருக்குது, ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். அம்மாவா? அம்மா கோயிலுக்குப் போயிருக்கா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள எதுக்குக் கேக்கற? நான் சொல்றேன், நீ கேளு. டிராம் போனாப் போகட்டும், அடுத்ததுல போய்க்கலாம். நோட்டு இங்கதான் இருக்குது, முதல்ல இருந்து வாசிக்கிறேன்.

பார்த்தீர்களா சார், ஆரம்பித்துவிட்டான். இனி பழையபடி தினமும் ஆறு மணிக்குப் பிடித்துக்கொள்வான், பேப்பர் படிக்க விடமாட்டான். உங்கள் நம்பர் கூப்பிட்டால் நீங்கள் பாட்டுக்கு உள்ளே போங்கள். எனக்கு நேரமாகும்.